இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா?

மார்ச் 2, காலை

தக்கலைப் பக்கத்து வாசகர் ஒருவர் நேற்று எழுதியது: "குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. மலை இருக்கிறது, அணை இருக்கிறது, இரண்டாயிரத்துக்கும் மேல் குளம் இருக்கிறது. தண்ணீர்ப் பஞ்சம் என்பது ராமநாதபுரத்துக்காரர்களும் அரபு நாட்டில் இருப்பவர்களும் பேச வேண்டியது. நம்மூரில் அதைப் பேசுவது வீண் பயம். மறுக்க முடியுமா?"

மறுக்கிறேன். நான் இருப்பது பழையாறு கடலில் சேரும் பக்கம், மணக்குடிக் காயலுக்கு, அதாவது ஆறு கடலில் சேரும் உப்பங்கழிக்கு, கொஞ்சம் வடக்கே. தக்கலையில் இருந்து பார்த்தால் தெரியாதது இங்கே தெரியும்.

எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு ஒரு கயிறு வைத்திருக்கிறேன். நுனியில் பழைய பூட்டு ஒன்றைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு. பொங்கலன்று விளிம்பிலிருந்து ஆறு முழத்தில் தண்ணீர் தட்டியது. இன்று ஒன்பது முழம். கிணறே பதினான்கு முழம்தான். பிப்ரவரி 28 அன்று பாசனத்துக்கு அணையை அடைத்து ஜூன் 1 அன்று திறப்பது இங்கே வழக்கம். அதாவது இன்னும் மூன்று மாதம் பாசனக் கால்வாயில், எங்கள் பேச்சில் சானலில், தண்ணீர் வராது.

மழைக் கணக்கும் சொல்கிறேன். மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி 1,400 மில்லிமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் சராசரி 900 சொச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பேச்சிப்பாறை மலையில் கொட்டுவதையும் கன்னியாகுமரி முனையில் தூறிவிட்டுப் போவதையும் சேர்த்து வகுத்த எண். கிணறு சராசரியில் ஊறாது.

இதற்கெல்லாம் முதல் காரணம் மலையில் காட்டை அழித்து ரப்பர் வைத்ததுதான் என்பது என் எண்ணம்.

மார்ச் 2, இரவு

ஒன்று விட்டுப் போயிற்று. கிணற்றுத் தண்ணீர் கெட ஆரம்பித்தால் முதலில் கண்டுபிடிப்பது என் அம்மைதான் (அம்மாவை நாங்கள் அம்மை என்போம்). துவரம்பருப்பு வேகாது. மூன்று விசில் நாலாகும், நாலு ஆறாகும், அப்புறமும் பருப்பு முழித்துக்கொண்டு நிற்கும். போன வாரமே சொல்லிவிட்டாள், "தண்ணி மாறிப்போச்சு மக்கா" என்று. நான் கயிறு விட்டுப் பார்ப்பதற்கு முன்னால்.

மார்ச் 5

"அணைத் தண்ணீர் உங்கள் ஊருக்கு ஏன் வருவதில்லை" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வரும். கடைசியாக வரும், குறைவாக வரும். இதற்கு எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு: கடைவரம்பு. சானலின் கடைசி மடை, கடைசிக் குளம், கடைசி வயல்.

பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. திருவிதாங்கூர் காலம், ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சி. கட்டிய இன்ஜினியர் மிஞ்சினின் கல்லறை இன்றும் அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. அணையின் நீர்மட்டம் 48 அடி. பரளியாற்றின் குறுக்கே பெருஞ்சாணி 1950களில் வந்தது, 77 அடி. அப்புறம் சிற்றாறு ஒன்று, இரண்டு. இந்தத் தண்ணீர் எல்லாம் பாண்டியன் கால், அனந்தனாறு சானல், நாஞ்சில்நாடு புத்தனாறு சானல், தோவாளை சானல், பட்டணங்கால் என்று பிரிகிறது. தோவாளைச் சானல் வழியாக ராதாபுரத்துக்கும், அதாவது அடுத்த மாவட்டத்துக்கும், தண்ணீர் போகிறது. பழையாற்றுக்குச் சொந்தமாக ஊறும் தண்ணீர் கொஞ்சம். பரளியாற்றில் இருந்து பாண்டியன் காலில் திருப்பிவிட்டதுதான் அதைப் பிழைக்க வைத்திருக்கிறது.

என் பாட்டாவோடு, அதாவது தாத்தாவோடு, நான் சின்னப் பையனாக மடைக்குக் காவல் போயிருக்கிறேன். கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல், நாற்று நட்டு இருபது நாள் இருக்கும். எங்களுக்கு முறை ராத்திரி பத்துமணியில் இருந்து. பதினொன்று ஆகியும் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. பாட்டா ஒரு அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடந்தார், நான் பின்னால். முக்கால் மைல் போனதும் நின்றார். மேல் மடையில் ஒரு சாக்கு. சாக்கு நிறைய வைக்கோல், அதன் மேல் மண், மண்ணின் மேல் ஒரு வாழைத்தடை. தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டா சாக்கை உருவினார். அது கிழிந்து வைக்கோல் எல்லாம் எங்கள் பக்கம் மிதந்து போயிற்று. அவர் யாரையும் கூப்பிட்டுச் சண்டை போடவில்லை. கரையில் உட்கார்ந்து விடியும் வரை பீடி குடித்தார்.

மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு விடுவதில்லை. எங்கள் பிரச்சினை இதுதான்.

மார்ச் 9

ரப்பர் பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். குலசேகரத்தில் இருக்கும் அத்தான் போனில் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினார். பால் வெட்டுத் தொழிலில் முப்பது வருடம் இருந்தவர். அவர் சொன்னது: "ரப்பர் எங்க அப்பன் காலத்துலயும் இருந்தது, ஓடையில வெள்ளமும் இருந்தது. ரெண்டு குன்னுக்கு நடுவுல ஏலா கெடந்துல்லா, அது எங்க போச்சுன்னு பாரு."

மேற்குப் பக்கம் தெரியாதவர்களுக்கு: குன்றும் குன்றும் சேரும் பள்ளத்தில் இருக்கும் நெல்வயல் பரப்பை அங்கே ஏலா என்பார்கள். மலையில் பெய்த மழை முதலில் ஏலாவில் வந்து நிற்கும், நின்று மெதுவாக இறங்கும். அந்த ஏலாக்கள் முதலில் தென்னந்தோப்பாயின, அப்புறம் வாழை, இப்போது வீடு. ஏலாவில் மண் அடித்து மேடாக்கிவிட்டால் மழைத்தண்ணீர் நிற்க இடமில்லை. ஒரே ஓட்டமாக ஆற்றில் விழுந்து கடலுக்குப் போகிறது.

காட்டை அழித்ததால் கேடு இல்லை என்று சொல்ல வரவில்லை. முதல் காரணம் என்று நான் அடித்துச் சொன்னது தவறு. அத்தான் சொன்னது என் கண் முன்னாலும் நடந்திருக்கிறது. எங்கள் கிழக்குப் பக்கத்து நாஞ்சில்நாட்டில் ஏலா என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் வயலில் நாலு அங்குலம் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய நாலு லட்சம் லிட்டர். தண்ணி லாரி ஒன்றில் பன்னிரண்டாயிரம் லிட்டர் என்று வைத்தாலும் முப்பத்துமூன்று லாரி. ஒரு ஏக்கரை பிளாட் போட்டு விற்கும்போது இந்த முப்பத்துமூன்று லாரியை யாரும் பத்திரத்தில் எழுதுவதில்லை.

மார்ச் 14

"அரபு நாடு" என்று முதல் கேள்வியிலேயே வந்ததால் இதைச் சொல்ல வேண்டும். நான் ஒமானில் ஒன்பது வருடம் இருந்தேன், பர்க்கா பக்கம் ஒரு தோட்டத்தில் பம்ப் ஹவுஸ் வேலை. குமரிக்காரன் ஒருவனுக்கு அந்த ஊர் முதலில் பயமாக இருக்கும். ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. வருடத்துக்கு நூறு மில்லிமீட்டர் சொச்சம் மழை.

ஒரு வெள்ளிக்கிழமை நிஸ்வா போனபோது ஃபலஜ் தாரிஸ் பார்த்தேன். ஃபலஜ் என்றால் நிலத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மோட்டார் எதுவும் இல்லாமல் சரிவை வைத்தே தண்ணீரை ஊருக்குள் கொண்டுவரும் வாய்க்கால். இப்படி ஓடிக்கொண்டிருப்பவை அந்த நாட்டில் சுமார் மூவாயிரம். அதில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, தாரிஸ் அதில் ஒன்று. தண்ணீர் ஊருக்குள் நுழையும் முதல் இடத்தில் குடிக்க மட்டும் எடுப்பார்கள். அதற்குக் கீழே பள்ளிவாசலுக்கு, அதற்கும் கீழே குளிக்க, கடைசியில் ஈச்சந்தோப்புக்கு. தோப்புக்காரர்களுக்குப் பங்கு நேரக் கணக்கில். அரைமணிக்கு ஒரு பங்கு, அதர் என்று பெயர். பகலில் ஒரு கம்பு நட்டு அதன் நிழலை வைத்து அளந்தார்கள், இரவில் நட்சத்திரத்தை வைத்து. நான் போனபோது ஒரு வயதானவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு துணிமூட்டையை ஒரு வாய்க்காலில் இருந்து எடுத்து அடுத்த வாய்க்காலில் செருகினார். பாட்டா உருவிய சாக்கு எனக்கு ஞாபகம் வந்தது. அதே மாதிரி மூட்டை. இங்கே அது ராத்திரி திருட்டு வேலை, அங்கே ஊர் ஒப்புக்கொண்ட முறை.

அந்த நாட்டை அப்படியே புகழவும் மாட்டேன். நான் வேலை பார்த்த பர்க்கா பக்கத்தின் கதை வேறு. அந்தக் கடற்கரை முழுக்க டீசல் மோட்டார், மின் மோட்டார் போட்டு உறிஞ்சி உறிஞ்சி, கடல் உள்ளே வந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் எலுமிச்சை முதலில் போயிற்று, அப்புறம் மா. ஈச்சை உப்பைத் தாங்கும் மரம். அதுவும் கடலை ஒட்டிய வரிசையில் தலை சாய்ந்து நின்றது. முதலாளி கிணற்றை ஆழமாக்கச் சொன்னார். ஆழமாக்க ஆழமாக்க உப்பு கூடியது. தினமும் காலையில் மோட்டார் சுவிட்சைப் போடுவது நான்தான். அந்தத் தோட்டத்தைக் கொன்றதில் என் கைக்கும் பங்கு உண்டு, அது இன்னும் மனதில் கிடக்கிறது.

2015இல் ஊருக்கு வந்து இரண்டு வருடத்தில், எங்கள் தெருவில் மூன்று வீட்டுக் கொல்லையில் புதிதாக போர் போட்டிருந்தார்கள். கடல் இங்கிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்குமா?

மார்ச் 15

"ஒமான் பணக்கார நாடு, கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிக் கொள்வார்கள்" என்று ஒருவர். உண்மை. நாங்கள் முகாமில் குடித்ததே அந்தத் தண்ணீர்தான். அது கரண்ட் செலவில் வரும் தண்ணீர். குடிக்கலாம், சமைக்கலாம். நெல் விளைவிக்க முடியாது. நம் நாட்டில் உலக மக்களில் நூற்றுக்குப் பதினெட்டு பேர் இருக்கிறோம், நன்னீர் நூற்றுக்கு நாலு. நிலத்துக்கு அடியில் இருந்து எடுப்பதில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு விவசாயத்துக்குப் போகிறது. நம்மிடம் இருக்கும் கிணறும் குளமும் கெட்டால் வாங்கி ஊற்றிக்கொள்ள வசதி இல்லை.

மார்ச் 23

நேற்று தண்ணீர் நாள் கிராமசபை. எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலின் குறுக்கே புது மனைப்பிரிவுக்குப் பாதை போட்டபோது அடியில் வைத்தது ஆறு அங்குலக் குழாய். முன்னால் அங்கே ஒரு ஆள் குனிந்து நுழையும் அகலத்துக்குக் கல்மதகு இருந்தது. கல்மதகு போவதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?

மனுவாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள். 2019இல் கொடுத்தது, 2021இல் கொடுத்தது, இரண்டின் ரசீதும் என் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். மூன்றாவதும் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

இது எங்கள் ஒரு குளத்தின் கதை இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். நான்குவழிச் சாலைக்காகக் குளங்களுக்குள் மண் நிரப்பியது ஊரறிந்தது, நீதிமன்றம் வரை போனது. சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. சந்தோஷம். அந்தக் குளங்களில் பறவை பார்க்க வருபவர்களிடம் ஒன்று சொல்ல ஆசை. அவை யாரோ வெட்டி, மடை வைத்து, வருடா வருடம் தூர்வாரிக் காப்பாற்றிய பாசனக் குளங்கள். வயல் இருந்ததால் குளம் இருந்தது, குளம் இருந்ததால் பறவை வந்தது.

ஏப்ரல் 2

கயிறு: பதினொன்றரை முழம்.

மகன் ஒரு உப்பு அளக்கும் மீட்டர் வாங்கி அனுப்பியிருக்கிறான், பேனா அளவில் இருக்கிறது. பொங்கலுக்கு அவன் வந்திருந்தபோது அளந்தது 410. இன்று 1,180. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது நம் நாட்டுக் குடிநீர் அளவுகோல். அம்மையின் பருப்பு மீட்டரை விட ஒரு மாதம் முந்தி.

"மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடல் எப்படி உங்கள் கிணற்றுக்கு வரும்" என்று குளச்சல் தங்கச்சி கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. முதலில் காயல். எங்களுக்கு உப்பு வரும் வழி கடற்கரை மட்டும் இல்லை, கோடையில் ஆற்றில் தண்ணீர் வராதபோது காயலின் உப்பு ஆற்றோடு மேலே ஏறும். இரண்டாவது, மண்ணுக்குள் நடப்பது. நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரை விட எடை குறைவு. கடலோர மணலுக்குள் அது உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பது போல. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே அந்த ஒரு அடியை உறிஞ்சிவிட்டால் கீழே இருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். ஒன்றுக்கு நாற்பது. பர்க்காவில் முதலாளி கிணற்றை ஆழமாக்கியபோது நடந்தது இதுதான் என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

2004 சுனாமியில் மணக்குடிப் பாலமே அடித்துப் போயிற்று. அன்று கடல் மேல்வழியாகக் கிணறுகளில் விழுந்தது, எல்லோரும் பார்த்தோம், இறைத்து ஊற்றினோம். இப்போது கீழ்வழியாக வருகிறது. இறைத்தால் உப்பு அதிகமாகத்தான் செய்யும்.

ஏப்ரல் 3

தலைப்பை விட்டு விலகிய ஒரு பேச்சு. அத்தான் சொன்னதை எழுதும்போது "வெள்ளம்" என்று அப்படியே போட்டேன், மதுரைக்காரர் ஒருவர் குழம்பிவிட்டார். எங்கள் மாவட்டத்தின் மேற்கே தண்ணீரையே வெள்ளம் என்பார்கள். "கொஞ்சம் வெள்ளம் தா" என்றால் குடிக்கக் கேட்கிறார்கள். கிழக்கே நாங்கள் தண்ணி என்போம். கல்யாணமாகி இங்கே வந்த என் மனைவி முதல் வாரம் "கிணற்றில் வெள்ளம் இல்லை" என்று கத்த, அம்மை "வெள்ளம் வந்தா சொல்லு, ஓடலாம்" என்றாள். இருவரும் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிப்பார்கள்.

ஏப்ரல் 11

மார்த்தாண்டத்து அண்ணன் ஒருவர், பழையாறு பழையாறு என்றே பேசுகிறேன், விளவங்கோட்டை மறந்துவிட்டேன் என்று கோபப்பட்டிருக்கிறார். கோபம் நியாயம். நெய்யாறு இடதுகரைச் சானலில் கேரளம் 2004 முதல் தண்ணீர் விடவில்லை. விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கர் அதை நம்பி இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில். சானல் இப்போதும் இருக்கிறது, அண்ணன் வீட்டுக்குப் பின்னால்தான் போகிறதாம். அதில் அவருடைய பேரப்பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்களாம். அவர்களுக்கு அது தண்ணீர் ஓடிய இடம் என்பதே தெரியாது என்று எழுதியிருந்தார்.

ஒரு நாட்டுக்குள்ளேயே இரண்டு மாநிலம். நாங்களும் 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கம் இருந்தவர்கள்தான். மனிதர்கள் எல்லை மாறினோம், ஆறு இன்னும் மலையில்தான் பிறக்கிறது.

ஏப்ரல் 20

மார்ச் 5 அன்று எழுதியதையும் திருத்த வேண்டியிருக்கிறது. "மேலே இருப்பவன் விடுவதில்லை" என்றேன். போன ஞாயிறு சித்தப்பா மகனோடு சானல் கரை வழியாக மேலே நடந்தேன், வெயிலுக்கு முன் கிளம்பி ஒன்பது கிலோமீட்டர். பாட்டா அன்று நின்ற இடத்தைத் தாண்டி நான் அதற்கு முன் போனதில்லை.

பார்த்ததைச் சொல்கிறேன். மேல்மடைக்காரரின் வயலும் காய்ந்துதான் கிடக்கிறது. பாதி வயல் விற்றாயிற்று. சானலின் சிமெண்ட் சுவர் இரண்டு இடத்தில் உடைந்து, கரையில் ஆலமரத்து வேர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஆகாயத்தாமரை ஒரு இடத்தில் நடந்து போகலாம் போல அடர்ந்து கிடக்கிறது. ஊர்களுக்குள் வரும் இடத்தில் எல்லாம் வீட்டுக் கழிவுக்குழாய் சானலுக்குள் திரும்பியிருக்கிறது. நான் எண்ணினேன், ஒரு ஊரில் மட்டும் இருபத்தேழு. அந்த அழுக்கில் இறங்கி அடைப்பெடுக்க யாருக்கும் மனம் வராது, எனக்கும் வராது.

அங்கே ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, யார் என்ன என்று விசாரித்தார். ஊரைச் சொன்னதும், "கடைவரம்பா? உங்களுக்கு நாங்க துரோகம் பண்ணிட்டோம்னு நெனைச்சிருப்பீங்க" என்றார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். என் தலைமுறையும் அவர் தலைமுறையும் ஒருவரை ஒருவர் திருடன் என்று நினைத்துக்கொண்டே சானலைக் கைவிட்டிருக்கிறோம். அதை எழுதும்போது வருத்தமாக இருக்கிறது.

ஏப்ரல் 21

"நெல்தான் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் பயிர், அதை விடுவதே நல்லது" என்ற கருத்துக்கு இரண்டு நாளாகப் பதில் யோசிக்கிறேன். ஒரு கிலோ அரிசிக்கு 2,500 லிட்டர் என்று சொல்லப்படுகிற கணக்கை நானும் படித்திருக்கிறேன். பாறை நிலத்தில் போர் போட்டு இறைத்து நெல் வைப்பது தப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் கன்னிப்பூவும் கும்பப்பூவும், அதாவது எங்கள் இரண்டு போக நெல்லும், மழையையும் சானலையும் ஒட்டி வைத்த பயிர். வயலில் நின்ற தண்ணீரில் ஒரு பங்கு பயிருக்கு, ஒரு பங்கு வெயிலுக்கு, ஒரு பங்கு கீழே இறங்கி எங்கள் கிணற்றுக்கு. எங்கள் தெருக் கிணறுகள் வயல் இருந்த வரை சித்திரையிலும் இனித்தன. எனக்கு நெல்லில் லாபம் இல்லை, என் பங்கு வயலில் நானே வாழைதான் வைத்திருக்கிறேன். ஆகவே எந்தப் பயிர் என்று நான் யாருக்கும் சொல்ல முடியாது. தண்ணீர் நிற்கும் பள்ளத்தை மேடாக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

மே 6

பதின்மூன்று முழம். மீட்டர் 1,860. அடியில் சேறு தெரிகிறது.

கேன் தண்ணீர் வாங்குகிறோம், வாரத்துக்கு ஐந்து. குளிக்கத் தலைமுடி சிக்குப் பிடிக்கிறது என்று மகள் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

ஆரல்வாய்மொழி பக்கம் இருக்கும் நண்பர் 600 அடி போர் போட்டு வெறும் புகைதான் வந்தது என்று எழுதியிருக்கிறார். பாறைத்தூள் புகையாக வெளியே வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் வலி தெரியும். இந்த மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு அடியில் கெட்டிப்பாறை. பாறைக்குள் விரிசல் இருந்தால் அதில் தண்ணீர் இருக்கும், இல்லையென்றால் ஆயிரம் அடி போனாலும் இல்லை. மணல் நிலத்தில் இருக்கும் நான் ஆழமாகப் போனால் உப்பு, பாறையில் இருக்கும் அவர் ஆழமாகப் போனால் புகை. வண்டிக்காரருக்கு அடிக்கணக்கில் காசு.

மே 19

நேற்று சாயங்காலம் ஒரு மணி நேரம் கோடை மழை. மாத்தூர் தொட்டிப்பாலம் பற்றி எழுத நினைத்திருந்தேன். 1966இல் கட்டி முடித்தது, 115 அடி உயரத்தில் ஒரு ஆற்றின் மேலே இன்னொரு வாய்க்காலைத் தூக்கிக்கொண்டு போகிறது. அந்தத் தலைமுறை அவ்வளவு செய்தது என்று எழுத வந்தேன். மழை வந்ததும் அதை விட்டுவிட்டு ஓட்டுக்குழாயின் கீழே அண்டா வைக்க ஓடினேன்.

ஆயிரம் சதுர அடிக் கூரையில் வருடம் 1,400 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். சிந்தியது போக ஒரு லட்சம் என்று வையுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானபோது எங்கள் வீட்டிலும் ஒரு குழாயைக் கொல்லையில் இறக்கினோம். நேற்றுப் போய்ப் பார்த்தால் அதன் வாய் இலை அடைத்து, உள்ளே எறும்புப் புற்று. அடுத்தவர் குளத்து வாய்க்காலை அடைத்தார் என்று மூன்று மனு கொடுத்தவன், என் வீட்டுக் குழாயை இருபது வருடம் பார்க்கவில்லை. இன்று காலை தோண்டி, கருங்கல் ஜல்லியும் மணலும் போட்டு, நேராகக் கிணற்றுக்குத் திருப்பியிருக்கிறேன்.

மே 27

மூன்றாவது மனுவுக்குப் பதில் இல்லை. ஆனால் மனைப்பிரிவில் வீடு கட்டியவர்களே வந்து பேசினார்கள். போன நவம்பரில் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் அவர்கள் வாசலில்தான் முழங்கால் அளவு நின்றது. அவர்களுக்குத் தண்ணீர் போக வேண்டும், எங்களுக்குத் தண்ணீர் வர வேண்டும், இரண்டும் ஒரே மதகு. ஊராட்சியில் சொல்லிவிட்டு இரண்டடி சிமெண்ட் குழாய் இரண்டு வரிசை இறக்கியிருக்கிறோம். செலவை இருபத்திரண்டு வீடுகள் பகிர்ந்தன. பழைய கல்மதகின் ஒரு கல் மண்ணுக்குள் கிடைத்தது. அதன் ஓரத்தில் கயிறு உரசிய தழும்பு வரிசையாக இருக்கிறது. குளக்கரையில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஜூன் 8

அணை திறந்து ஒரு வாரம். தண்ணீர் வரவில்லை. தக்கலை அண்ணே, உங்கள் ஊர்ப் பக்கம் ஓடுவதைப் படம் பிடித்துப் போட்டதற்கு நன்றி. பார்த்து ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

ஜூன் 19

இன்று விடியற்காலை வந்தது. குழாயின் வாயில் முதலில் நுரை, அப்புறம் இலைக்குப்பை, ஒரு பிளாஸ்டிக் செருப்பு, அப்புறம் கலங்கல் தண்ணீர். குளத்தின் அடியில் வெடித்துக் கிடந்த களிமண் அதை வாங்கும்போது சின்னச் சின்னக் குமிழியாகக் காற்று வெளியேறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எட்டு பேர் கரையில் நின்றோம். பத்துமணிக்குள் கணுக்கால் அளவு. மதியம் நின்றுவிட்டது, மேலே எங்கோ அடைப்பு. சித்தப்பா மகனும் இளநீர் கொடுத்த பெரியவரின் மகனும் நாளை அந்தப் பக்கத்தில் இருந்தும் இந்தப் பக்கத்தில் இருந்தும் நடந்து பார்ப்பதாகப் பேசியிருக்கிறார்கள்.

ஜூன் 30

பத்தேகால் முழம். மீட்டர் 1,240. பருப்பை அம்மை இன்னும் கேன் தண்ணீரில்தான் வேகவைக்கிறாள். ஆடி பிறக்கட்டும், ஒருநாள் போட்டுப் பார்க்கிறேன் என்கிறாள்.